ஊசி போட்ட சேவல்

கூலிம் நகரில் தொழிற்சாலை வேலையை விட்டபோது எனக்கு மிஞ்சியது முதுகுவலி மட்டும்தான். எங்கள் ஊரான குருணில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தேன். கழுத்தில் இறகில்லாத செங்கோழிகள். நன்றாக முட்டையிடுவதை, நோய் தாங்குவதைப் பொறுக்கியெடுத்து, அவற்றின் குஞ்சுகளையே பெருக்கி வந்தேன். அந்த வம்சம்தான் என் பிழைப்பு.

என் அண்ணன் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறான். ஒருநாள் வந்து என் சேவலைப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே ரத்தம் தங்கச்சி. இப்படியே விட்டா குஞ்சு நோஞ்சானா போயிடும். இத என்கிட்ட குடு, வேற சேவல் கொண்டாறேன்."

அவன் சொன்னது உண்மைதான். அதனால்தான் நம்பி என் செஞ்சேவலைக் கொடுத்தேன்.

அவன் கொண்டுவந்த வெள்ளைச் சேவலுக்கு நெஞ்சு பருத்து, கொண்டை ரத்தமாகச் சிவந்திருந்தது. எங்கள் பக்கத்தில் முனியாண்டி சாமிக்கு நேர்ந்து விடும் சேவலைக் கொண்டையைப் பார்த்துத்தான் எடுப்போம். இதையும் அப்படித்தான் பார்த்து வாங்கிக்கொண்டேன். வெட்டப்போகிற சேவலுக்கு அது போதும், குஞ்சு பொரிக்கப் போதாது என்று அப்போது உறைக்கவில்லை. வெள்ளைச் சேவல் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு பெட்டைகளைச் சுற்றி ஆடியது. ஓயாமல் மிதித்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் மாப்பிள்ளைக்கு லீவே இல்லையா லா?" என்று சிரித்தாள்.

இன்குபேட்டரில் வைத்த முட்டைகளை ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நரம்பு ஓடவில்லை. அடுத்த முறையும் எல்லாம் கூமுட்டை. சேவல் மிதிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், அதை எப்படிச் சந்தேகிப்பது? பெட்டைகளுக்கு வயதாகிவிட்டது என்றான் அண்ணன். என் நல்ல தாய்க்கோழிகளை அறுத்து விற்றேன்.

பிறகு சேவலின் கொண்டை வெளுத்தது. கூவுவது நின்றது. மூலையில் நின்று தீவனத்தை மட்டும் தின்றது.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் என் செஞ்சேவல். அதைச் சுற்றிக் கழுத்தில் இறகில்லாத குஞ்சுகள்.

"அந்த வெள்ளைச் சேவலுக்கு என்ன செஞ்ச?"

அவன் ஒளிக்கக்கூட இல்லை. "அது பண்ணையில கழிச்சது. சதைக்குன்னே பொறுக்கி வளத்த ஜாதி, பெட்டைய திரும்பிப் பாக்காது. சண்டைச் சேவல் வச்சிருக்கிற கூட்டாளி ஒருத்தன் ஆண் ஹார்மோன் ஊசி குடுத்தான். போட்டா கூவும், ஏறும்; ஊசி வேகம் தீந்தா அடங்கிடும். ஆனா வெளியிலேருந்து ஏத்தினா உள்ள விதை சுருங்கிடும். கரு புடிக்காது."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"குஞ்சு வாங்க எல்லாரும் உன்கிட்டயே வர்றாங்க. எனக்கும் பொழப்பு வேணாமா? கேட்டா நீ குடுப்பியா?"

கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் ஒரு சோடியே கொடுத்திருப்பேன். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

என் சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கினேன். அண்ணி குறுக்கே வந்து, "ஒரு கோழிக்காகவா கூடப் பொறந்தவர பகைச்சுக்கிற?" என்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மிச்சமிருந்தவை முட்டையிட்டுப் பழகாத இளம் பெட்டைகள். ஒரே ரத்தம்தான், ஆனாலும் அவற்றோடு சேவலை விட்டேன். அன்று மாலை அண்ணன் போன் அடித்தான். எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.