செல்வப்பிரியா எழுதிய இரண்டு கட்டளைகள்

கேரள எல்லையோரத்து முதலமடை கடைவீதியில் மோகனசுந்தரம் நடத்திய சேவை மையத்தில் செல்வப்பிரியா ஏழு வருடம் வேலை பார்த்தாள். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, நில வரி என்று மலையாளத்தில் நிரப்ப வேண்டிய விண்ணப்பங்களைத் தமிழ்க்காரர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிற வேலை. கம்ப்யூட்டர் பழசு. லினக்ஸைத் தவிர வேறு எதையும் அது தாங்கவில்லை.

ஒரு விண்ணப்பத்துக்கு ஐந்தாறு விண்டோ திறந்திருக்க வேண்டும். இடிமழைக் காலத்தில் கரண்டு போனால் எல்லாம் போய்விடும். யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று. மறுபடி ஒவ்வொன்றாகத் தேடித் திறப்பதற்குள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் அவள். இங்கிலீஷ் கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, இரண்டு மாதம் முட்டி மோதி இரண்டு கட்டளைகள் எழுதினாள். கறுப்புத் திரையில் ‘வை’ என்று அடித்தால், எந்தக் கோப்பு எந்த விண்டோவில், திரையின் எந்த மூலையில் இருக்கிறது என்று பட்டியல் எழுதிக்கொள்ளும். ‘எடு’ என்றால் அதே கோப்புகளைத் திறந்து அதே இடத்தில் நிறுத்தும். முதலில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. விண்டோ திறந்து முடியும்முன்பே கட்டளை அதை நகர்த்தப் பார்க்கிறது என்று பிடிபட ஒரு வாரம் ஆனது.

பிடிபட்ட அன்று பக்கத்து நாற்காலி ஆனந்தியைத்தான் கூப்பிட்டுக் காட்டினாள். மூன்று வருடத்துக்கு முன் டைப் அடிக்கவே தடுமாறி வந்தவள் ஆனந்தி. அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது செல்வப்பிரியாதான்.

“நீங்க காலேஜ் போயிருந்தா எங்கியோ போயிருப்பீங்கக்கா,” என்றாள் ஆனந்தி.

மோகனசுந்தரம் நல்லேப்பிள்ளியில் இன்னொரு மையம் திறக்க இருந்தார். “அத நீதாம்மா பாத்துக்கோணும்,” என்று செல்வப்பிரியாவிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். ஸ்கேனர் இருந்தது அவள் கம்ப்யூட்டரில் என்பதால் அன்று ஆனந்தி அங்கே உட்கார்ந்தாள். நாலரைக்குப் போன கரண்டு கடை சாத்தும்வரை வரவில்லை.

மறுநாள் காலை முதலில் வந்தவள் செல்வப்பிரியா. கம்ப்யூட்டரைப் போட்டு ‘எடு’ என்று அடித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே பட்டியல் எழுதிக்கொள்ளும்படி முந்தின வாரம்தான் அவள் மாற்றியிருந்தாள். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வலது மூலையில் ஒரு மலையாளக் கடிதம் திறந்தது. மோகனசுந்தரத்துக்கு, ஆனந்தி எழுதியது. ‘நல்லேப்பிள்ளிப் பொறுப்பை எனக்குத் தருவதாகச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் கேட்டபடி என் தகுதிகளை எழுதியிருக்கிறேன். கரண்டு போனால் விண்டோக்களை மீட்கும் கட்டளைகளை எழுதியது நான். செல்வப்பிரியாவுக்கு மலையாளம் பிழையில்லாமல் எழுத வராது. அவர் நிரப்புவதை நான்தான் திருத்துகிறேன்.’

சந்தேகம் வந்தால் செல்வப்பிரியா ஒரு வார்த்தையை ஆனந்தியிடம் கேட்பாள், அவ்வளவுதான். திருத்துகிறேன் என்ற அந்த வரியைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஆனந்தி வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஆனந்தி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “அவருதானுங்க்கா எழுதித் தரச் சொன்னாரு.”

“கட்டளை நீ எழுதுனதுன்னும் அவருதான் சொல்லச் சொன்னாரா கண்ணு?”

“உங்களுக்குச் சொந்த ஊடு இருக்குது. எனக்கு என்ன இருக்குது?” என்றாள் ஆனந்தி. செல்வப்பிரியாவுக்கு அது பதிலாகவே படவில்லை.

பத்து மணிக்கு வந்த மோகனசுந்தரம் கடிதத்தைப் படித்தபோது முகத்தில் வியப்பே இல்லை. “நானே சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். அங்க மலையாளம் சரளமாப் பேசற ஆளு வேணும்.”

“அந்தக் கட்டளைய எழுதுனது ஆருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும். இப்ப அதுக்கென்ன?”

அவர் ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அவள் அங்கே இருந்திருப்பாள்.

அந்த மாதத்தோடு நின்றுகொண்டாள். கட்டளைகளை அழித்துவிட்டுப் போயிருக்கலாம். வரிசையில் நிற்பவர்கள்தான் அவதிப்படுவார்கள் என்று விட்டுவைத்து, எப்படி ஓட்டுவது என ஒரு தாளில் தமிழில் எழுதி மேசையில் ஒட்டினாள். கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டாள். பத்து நாள் கழித்து ஒரு சான்றிதழ் வாங்கப் போனபோது தாள் இருந்தது. கீழ்ப்பகுதி மட்டும் நேராக வெட்டப்பட்டிருந்தது.

இப்போது மாங்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் லோடு கணக்கு பார்க்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் நாச்சம்மாள் நல்ல மனுசி. ஒருநாள் கறுப்புத் திரையை எட்டிப் பார்த்து, “இதென்னமோ எழுதறீங்களே, என்னதுங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லீங்க,” என்று சொல்லி செல்வப்பிரியா விண்டோவை மூடினாள். அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.