கதவை மறித்த எலியேசர்

பீர்க்கன்கரணை கிறிஸ்தவ சபையின் ஆண்டுவிழா நாடகத்தை வழக்கமாக இயக்குபவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார். கல்லூரியில் ஒரே ஒரு நாடகத்தில் நடித்திருந்த ஜெனியின் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. வாரமெல்லாம் கேளம்பாக்கத்துக்கு வேலைக்குப் போய், வண்டலூர் சாலை நெரிசலில் திரும்புகிறவள். சனிக்கிழமையாவது தூங்கியிருக்கலாம். அதற்குப் பதில் சபைக் கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

கதை எளியது. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் மகனை அப்பா தடுக்கிறார். கடைசியில் அவன் போய்விடுகிறான். மகனாக சபை இளைஞன் ஆபேல். அப்பாவாக எலியேசர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காலமெல்லாம் பள்ளி மைதானத்தில் பேசிப் பழகியவர், மகனிடம் சொல்ல வேண்டியதையும் காலி பெஞ்சுகளைப் பார்த்தே முழங்கினார்.

"அங்கிள், ஆபேலைப் பார்த்துப் பேசுங்க."

"அப்படிப் பேசினா ஜனங்களுக்கு என் முகம் தெரியாதேம்மா."

"சரி, கொஞ்சம் சோகமா சொல்லுங்க."

சோகமாக முழங்கினார்.

பொறுமையிழந்து அவளே நடித்துக் காட்டினாள். அடுத்த வாரம் எலியேசர் அதை அப்படியே செய்தார்: அவள் வார்த்தைகளை இழுப்பது, அவள் கையசைவு, நெற்றியில் விழும் முடியை ஒதுக்குவதுகூட. அவருக்கு நெற்றியில் விழ முடியே கிடையாது. ஆபேல் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெனிக்கு அழுகைதான் வந்தது.

"வசனத்தை விடுங்க அங்கிள். சோகமும் வேணாம். இவன் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது, அவ்ளோதான் உங்க வேலை. ஆபேல், நீ எப்படியாவது போயிடணும்."

அலுப்பில் சொன்னதுதான். ஆனால் ஆபேல் பையைத் தூக்கியதும் எலியேசர் குறுக்கே வந்தார். அவன் ஒதுங்கிப் போகப் பார்த்தான். அவரும் அந்தப் பக்கம் நகர்ந்தார். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டாவது போப்பா" என்றார், மெதுவாக. அந்தக் கூடத்தில் முதல்முறையாக ஒருவர் இன்னொருவரிடம் பேசினார். அதற்குப் பிறகு ஜெனி யாரிடமும் சோகம், கோபம் என்று எதுவும் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள்.

விழா அன்று எலியேசர் பாதி வசனத்தை மறந்தார். அதோடு நின்றிருந்தால் ஜெனி போகட்டும் என்று விட்டிருப்பாள். மகனைப் போகவிட வேண்டும் என்பதையும் மறந்துவிட்டார். ஆபேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மறித்தார். திரைக்குப் பின்னால் ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு, "விடுங்க அங்கிள், விடுங்க" என்று கையாட்டினாள். அவர் திரும்பவே இல்லை. கடைசியில் ஆபேல் நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னான்.

"அப்பா, ஃப்ளைட்டு போயிடும்."

பையின் வாரிலிருந்து எலியேசரின் பிடி தானாகத் தளர்ந்தது. ஆபேல் கதவைத் தாண்டிப் போனான்.

முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"எழுதிக் கொடுத்ததுல பாதிகூட நீங்க சொல்லல."

"அவன் போறேங்கிறான். அப்போ வசனம் எங்கம்மா ஞாபகம் வரும்?"

ஜெனி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சுகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் பிரியாணிக்குப் போயிருப்பதைக் கண்டதும் மறுபடி எரிச்சல் மூண்டது.

"அங்கிள், இந்த பெஞ்சை அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.