சிலேட்டில் நான் அழித்த பாட்டு

1940களில் மாரண்டஹள்ளி பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மழையைப் பற்றிப் பாட்டு எழுதச் சொன்னேன். அந்த மாதம்தான் தாயை இழந்திருந்த முனியம்மா சிலேட்டை நீட்டினாள்.

‘மழையே, மெல்லப் பெய்யி. எங்கம்மாவப் புதைச்ச மண்ணு இன்னும் காயலே.’

நானும் பல வருடங்களாகக் கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அச்சாகவில்லை. இப்படி ஒரு வரி எனக்கு வந்ததேயில்லை.

“யார் எழுதிக் குடுத்தது?” என்று அதட்டினேன்.

“நானேதானுங்க சார்.”

“பொய் சொல்லாதே” என்று வகுப்பின் முன்னாலேயே அதை அழித்தேன்.

மறுநாள் மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டு, “அந்தப் பாட்டத் திரும்ப எழுதும்மா” என்றேன்.

“மறந்துபோச்சுங்க சார்” என்றாள்.

அதன்பிறகு அவள் பாட்டே எழுதவில்லை. யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அவளே எழுதியதுதான் என்று அழிக்கும்போதே எனக்குத் தெரியும்.