அவிராச்சன் மாஷின் அறுபத்து நாலு கதைகள்

ஷைனிக்கு முதலில் வந்தது கைப்பேச்சுதான். அம்மா, அப்பா இரண்டு பேருக்குமே பிறவியிலேயே காது கேட்காது. தனக்குக் காது கேட்டும் மூன்று வயதுவரை அவள் வாய் திறக்கவில்லை. பசித்தால் வயிற்றைத் தொட்டு விரலை மடக்குவாள். அப்புறம் பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து மலையாளம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவள் தொடுபுழைக்கு அப்பால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் காது கேளாதோர் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தபோது, பிள்ளைகள் அவளைப் பதினைந்து நிமிஷம்கூட வெளியாளாக நினைக்கவில்லை.

அந்தப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அவிராச்சன் மாஷ். அவரும் காது கேளாதவர். அதே பள்ளியில் படித்து அங்கேயே வேலைக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதியில் கஞ்சியும் பயறும் முடிந்ததும் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடும். படகில் ஏறிய யானை கதையில் யானையும் அவர்தான், படகும் அவர்தான், துடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போகும் படகோட்டியும் அவர்தான். ஒரு இலை விழுவதைக் காட்டினால் அது மாவிலையா பலா இலையா என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அவர் விரலிலிருந்து கதையை நேராகப் படித்தார்கள்.

மாஷ் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் கதைகளையெல்லாம் வீடியோ எடுத்து, பக்கத்துக்கு ஒரு படமும் ஒரு வீடியோவும் வைத்து மின்னூலாக்கலாம் என்ற யோசனை ஷைனியுடையது. எறணாகுளத்து அறக்கட்டளை ஒன்று பதினொரு பள்ளிகளுக்கு டேப்லெட் கொடுக்கச் சம்மதித்தது. பிப்ரவரி இருபதாம் தேதி புத்தகம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும்.

ஓணம் விடுமுறையிலும் அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளிலும் எடுத்தார்கள். தையல் வகுப்பின் நீலத்துணியைப் பின்னால் கட்டி, தன் புதுப் போனிலேயே ஷைனி எடுத்தாள். தெளிவு முக்கியம் என்று இருப்பதிலேயே பெரிய அளவை வைத்துக்கொண்டாள். அன்றன்றைக்கு எடுத்ததைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, போனைக் காலி செய்து அடுத்த சனிக்குத் தயாராக்குவாள். அறுபத்து நாலு கதை. மாஷ் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. தப்பாகிவிட்டால் தலையில் தட்டிக்கொண்டு, "கெழவனுக்குக் கை குளறுது, திரும்ப எடு மோளே" என்று கையாலேயே சொல்லிச் சிரிப்பார்.

ஜனவரியில் புத்தகம் கட்ட உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. வீடியோவை இழுத்துப் பக்கத்தில் வைத்தால், சாஃப்ட்வேர் அதை உள்ளே வாங்க நாற்பது நிமிஷம் எடுத்தது. எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலக்கோடு முக்கால்வாசி வந்து அப்படியே நிற்கும். சில சமயம் கடைசியில் ஒன்றுமே நடக்காதது போல் மறைந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று கதை ஏறினால் பெரிய காரியம்.

ஷைனி தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். நெட்டைத் துண்டித்துப் பார்த்தாள். வேறெந்தப் புரோகிராமும் ஓடாமல் நிறுத்தினாள். வீடியோக்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாள். தலைமையாசிரியை சிஸ்டர் லியோபா தினமும் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னிக்கு எத்தனை ஆச்சு, ஷைனி?"

"ரெண்டு, சிஸ்டர்."

"நேத்தும் ரெண்டுதானே சொன்னே?"

"நேத்து ஏறினதுல ஒண்ணு இன்னிக்குத் திறக்கல சிஸ்டர்."

சிஸ்டர் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஷைனிக்கு.

சாஃப்ட்வேர் விற்றவர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவன் பொறுமையாகத்தான் பேசினான். "ஃபைல் ரொம்பப் பெருசு மேடம். சின்னதாக்கிட்டு ஏத்துங்க. டிஸ்க்லயும் இடம் இல்ல. வேண்டாததை அழிச்சிடுங்க, பறக்கும்."

அவன் சொன்ன மாதிரியே ஒரு சின்ன புரோகிராமை இறக்கி, அதில் ‘மிகச் சிறிய கோப்பு’ என்று இருந்ததை அழுத்தினாள். அறுபத்து நாலும் சின்னதாகிவிட்டன. முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மாஷின் முகம் பளிச்சென்று இருந்தது, நீலத்துணியின் தையல்கூடத் தெரிந்தது. யானை கதைதான் ஓடியது. அவளுக்கு அது மனப்பாடம். அதனால் அவள் பார்த்தாள், படிக்கவில்லை. பெரிய ஃபைல்களையெல்லாம் அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். அன்று மத்தியானத்துக்குள் இருபது கதை ஏறிவிட்டது. சிஸ்டர் சமையலறையிலிருந்து பழம்பொரி கொடுத்தனுப்பினார். இரண்டே நாளில் புத்தகம் முடிந்தது. பிப்ரவரி பதினெட்டாம் தேதியே எறணாகுளத்துக்குப் போய்விட்டது.

பள்ளிக்கு வரவேண்டிய டேப்லெட்டுகள் மார்ச் முதல் வாரம் வந்தன. இரண்டாம் வகுப்பு அன்ஸியாவிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஷைனி பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்ஸியா யானை கதையை ஓட்டினாள். முகம் சுருங்கியது. நிறுத்தி மறுபடி ஓட்டினாள். பிறகு ஷைனியைப் பார்த்துக் கையால் கேட்டாள்.

"மாஷ் என்ன சொல்றாரு?"

"நல்லாப் பாரு."

"பார்த்தேன். கை இல்ல. புகைதான் இருக்கு."

அப்போதுதான் ஷைனி கதையைப் படிக்கப் பார்த்தாள். முகமும் துணியும் அசையாமல் இருந்ததால் தெளிவாக இருந்தன. விரல் வேகமாக அசையும் இடமெல்லாம் காட்சி துள்ளித் துள்ளித் தாவியது. நடுவிலிருந்த அசைவைக் காணோம். யானை துதிக்கையைத் தூக்குவதற்கும் படகு கவிழ்வதற்கும் இடையில் ஒன்றுமே இல்லை. மாஷ் விரலால் எழுத்துக்கூட்டிய பெயர்கள் ஒரே அழுக்காக இருந்தன. அறுபத்து நாலையும் திறந்து பார்த்தாள். முடிக்கும்போது வகுப்பறையில் யாரும் இல்லை.

மறுநாள் காலை அதே எண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அதே குரல்.

"விநாடிக்கு எத்தனை படம்ங்கிற ஃபிரேமைக் குறைச்சிட்டீங்களா? அதைத் தொடக்கூடாது மேடம். படத்தோட அகலத்தைப் பாதியாக்கியிருந்தா போதும், வேகமா ஏறியிருக்கும். உங்க கம்ப்யூட்டர் பழசு, போன் புதுசு, அவ்வளவுதான் பிரச்சனை. பெரிய ஃபைல் இருக்கில்ல?"

"அழிச்சிட்டேன்."

"ஐயோ, மேடம்," என்றான் அவன்.

"அன்னிக்கே இதை ஏன் சொல்லல?" என்றாள் ஷைனி.

"கை பேசுற வீடியோன்னு நீங்க சொல்லலையே மேடம்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்கவில்லை. அழிந்ததை மீட்கத் தொடுபுழையில் ஒரு கடையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். நாலு நாள் வைத்திருந்து, எல்லாவற்றின் மேலேயும் வேறு ஃபைல் எழுதியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். சிஸ்டர் அறக்கட்டளையிடம் பேசினார். குழந்தைகளுக்குப் படங்கள் பிடித்திருப்பதாக மற்றப் பள்ளிகள் சொல்கின்றன, புத்தகத்தைத் திரும்ப வாங்கும் எண்ணம் இல்லை என்றார்கள்.

மாஷிடம் அவளே போய்ச் சொன்னாள். ஓவிய அறையில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். டேப்லெட்டை வாங்கித் தன் கதையைத் தானே பார்த்தார். இரண்டாவது கதை, மூன்றாவது கதை. பிறகு நிமிர்ந்தார்.

"யாரு இவன்? கஞ்சி கலக்குறவனா?"

"நான் ஒழுங்காப் பார்க்கல மாஷே. என் தப்பு. திரும்ப எடுக்கலாம். நீங்க எப்போ சொன்னாலும் நான் வர்றேன்."

அவர் ஈரக் கையைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டும் பேனாவும் எடுத்தார். பஸ் கண்டக்டரிடமும் பாங்கிலும் காட்டக் காது கேளாதவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் நோட்டு. அதில் மலையாளத்தில் எழுதி அவளிடம் நீட்டினார்.

‘வேண்டாம் டீச்சர். சிரமப்பட்டதற்கு நன்றி.’

காது கேட்கிறவர்களுக்குத்தான் அவர் எழுதிக் காட்டுவார். பதினான்கு வருஷத்தில் ஷைனிக்கு ஒரு தடவைகூட எழுதியதில்லை. அவள் கையைத் தூக்கினாள். அவர் அதற்குள் குழாய்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

மார்ச் முப்பதாம் தேதி பிரிவு உபசாரம். பிஷப் வீட்டிலிருந்து பாதிரியார் அச்சன் ஒருவரும், பஞ்சாயத்து உறுப்பினரும், பெற்றோர்களும் வந்திருந்தார்கள். மாஷ் கையால் பேசுவதை அவர்களுக்கு வாயால் சொல்ல ஷைனியை விட்டால் ஆளில்லை. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் விரல்களைப் பார்த்து நின்றாள்.

அவர் ஒவ்வொருவரையும் அவரவர் கைப்பெயரால் கூப்பிட்டு நன்றி சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் தூக்குவது போல் காட்டினால் சிஸ்டர் லியோபா. உள்ளங்கையை நக்கிப் பார்த்தால் சமையல்காரி. மீசை முறுக்கினால் வாட்ச்மேன். ஷைனி ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னாள். ஜனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். விடுதிப் பெண்கள், தோட்டக்காரர், வேன் டிரைவர், இறந்துபோன பழைய தலைமையாசிரியை எல்லாரும் அவர் விரலில் வந்துவிட்டார்கள். ஷைனி தன் கைப்பெயருக்காகக் காத்திருந்தாள்.

"இவ்வளவு பேர்தான்," என்று அவர் கையைக் கீழே விட்டார்.

"இவ்வளவு பேர்தான்," என்றாள் ஷைனி மைக்கில். குரல் நன்றாகத்தான் வந்தது. பிள்ளைகள் கைதட்டலுக்குப் பதிலாக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். அவள் மைக்கை அணைத்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, விருந்தினர்களுக்குச் சாயா போயிற்றா என்று பார்க்கப் போனாள்.