கேட் திறந்திருக்கிறது

பேக்கிதெம்பா குஸ்வாயோவை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். நேரில் பார்த்தது என்னவோ நான்கைந்து தடவைதான். டர்பனுக்கு மேலே, க்ளூஃப் சரிவிலுள்ள வீடுகளில் அலாரம் அடித்தால் எங்கள் செக்யூரிட்டி கம்பெனிக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஒரு வரி சிவப்பாக எரியும். வீட்டுக்காரருக்கு நான் போன் செய்வேன். எடுக்கவில்லையென்றால் ரேடியோவில் குஸ்வாயோவைக் கூப்பிடுவேன். இடுப்பில் துப்பாக்கி, மார்பில் குண்டு துளைக்காத சட்டையோடு அவர் தனியாகக் காரில் போய்ப் பார்ப்பார்.

மரியாதைக்குக் குலப்பெயர் சொல்லி அவரை 'குமேடே' என்பேன். அவருக்கு நான் 'மாசுங்கு', சுங்கு வீட்டுப் பெண்.

அவர் மனைவியும் இரண்டு மகள்களும் வடக்கே நொங்கோமாவில் இருந்தார்கள். இவர் மொல்வேனியில் ஒரு தகரக்கூரை அறையில் வாடகைக்கு இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போவார். மற்ற நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிறுத்திய காருக்குள் பன்னிரண்டு மணி நேரம். சோளக்களியும் புளித்த பாலும் அங்கேயேதான்.

பெரும்பாலும் பொய் அலாரம்தான். குரங்கு ஜன்னலைத் தள்ளியிருக்கும், இடி இடித்திருக்கும், வேலைக்காரப் பெண் ரகசிய எண்ணை மாற்றி அழுத்தியிருப்பாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'வந்து பார்த்தேன், எல்லாம் சரி' என்று ஒரு சீட்டைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவார். நாய் இரண்டு முறை கடித்தது. பூச்செடியை மிதித்துவிட்டார் என்று ஒரு அம்மா புகார் எழுதினாள்.

"ஆறு வருஷம் அவங்க வீட்டைக் காவல் காத்தேன், மாசுங்கு. என் மூஞ்சி தெரியாது, என் பூட்ஸ் தடம் மட்டும் தெரியுது" என்று சிரித்தார்.

அது ஜூலை மாதம், குளிர்காலம். மின்வெட்டு முடிந்து மாலை நாலரை மணிக்குக் கரண்ட் வந்தது. கரண்ட் வரும்போதெல்லாம் பேட்டரி செத்த அலாரங்கள் கூட்டமாக அடிக்கும். அன்று என் திரையில் ஒரே நிமிடத்தில் முப்பத்தெட்டு வரிகள். இருந்தவை இரண்டே கார்கள். அதில் ஒன்று ஹில்க்ரெஸ்ட் பக்கம் போயிருந்தது.

முப்பத்தெட்டில் ஒன்று ரெங்கென் என்ற கிழவரின் வீடு. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தவர், காது மந்தம். போன் போகவில்லை, கரண்ட் வந்தும் அந்தப் பக்கத்து டவர் உயிர் பெறவில்லை. குமேடேயை அனுப்பினேன்.

"மாசுங்கு, கேட் திறந்திருக்கு."

ஏதாவது திறந்திருந்தால் இரண்டாவது கார் வரும்வரை வெளியிலேயே நிற்க வேண்டும். அது விதி. இரண்டாவது கார் வர அரை மணி நேரமாவது ஆகும். திரையில் முப்பத்தேழு வரிகள் எரிந்துகொண்டிருந்தன.

"கரண்ட் போய் வந்தா அந்த மோட்டார் அப்படித்தான் திறந்துக்கும், குமேடே. ஒரு சுத்துப் பாத்துட்டுச் சீக்கிரம் வாங்க."

அவர் எஞ்சினை அணைக்கும் சத்தம் ரேடியோவில் கேட்டது. பிறகு, "சரி" என்றார்.

பின்பக்கம் சமையலறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே குரங்குகள் வாழைப்பழத் தோலை இறைத்துவிட்டுப் போயிருந்தன. அது பிற்பாடு தெரிந்தது. "செக்யூரிட்டி! செக்யூரிட்டி!" என்று குமேடே மூன்று முறை கத்தியிருக்கிறார். மதியத் தூக்கத்துக்காகக் காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்த கிழவர் ஏதோ சத்தம் மட்டும் கேட்டுக் கைத்துப்பாக்கியோடு எழுந்து வந்தபோது, இருட்டு நடையில் அவருக்குத் தெரிந்தது கதவுக் கண்ணாடியில் ஒரு ஆளின் நிழல் மட்டும்தான். சுட்டுவிட்டார்.

குண்டு சட்டைக்குக் கீழே இடுப்பில் பாய்ந்தது.

"மாசுங்கு, என்னைச் சுட்டுட்டாங்க" என்று, தபால்பெட்டியில் சீட்டுப் போட்டதைச் சொல்வதுபோல் சொன்னார்.

ஆம்புலன்ஸை அழைத்தேன். இன்னொரு காரையும் திருப்பினேன். அதற்குள் ஒரு வீட்டிலிருந்து யாரோ அபாயப் பொத்தானை அழுத்தினார்கள். இன்னொருவர் போனில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்தது ஒரே ரேடியோ அலைவரிசை.

"மாசுங்கு, பேசிட்டே இரு."

"இருங்க குமேடே, ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்தை நான் நாலு தடவை சொன்னேன். பதினொரு நிமிடம் அவர் தரையில் கிடந்து, நான் மற்ற வீடுகளுக்கு ஆள் அனுப்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையே ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. "தெரியாமப் பண்ணிட்டேம்ப்பா... நீ யாருன்னே தெரியலப்பா..." துவாலையை வைத்து இரத்தத்தை அழுத்திப் பிடித்தது ரெங்கென்தான் என்று பிறகு சொன்னார்கள்.

குமேடே பிழைத்துக்கொண்டார். ஒரு கால் குட்டையானது. ரெங்கென்மேல் போலீஸ் வழக்குப் போட்டது. மகள் வந்து அவரைக் கேப் டவுனுக்குக் கூட்டிப்போனாள்.

ஐந்து மாதம் கழித்து கம்பெனி குமேடேக்கு வேலை கொடுத்தது, கட்டுப்பாட்டு அறையில், என் பக்கத்து நாற்காலியில்.

ரேடியோவில் குரங்கு, மழை, மகளின் பரீட்சை என்று ஓயாமல் பேசியவர்கள் நாங்கள். முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்த பிறகு பேச்சு வரவில்லை. டீ வேண்டுமா என்பேன், தலையாட்டுவார். மூன்றாவது வாரம் எனக்குத் தாங்கவில்லை.

"நிக்கச் சொல்லாம உள்ள போகச் சொன்னேன், குமேடே. என் தப்பு."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட் திறந்திருக்குன்னு எதுக்குச் சொன்னேன்? நீ நில்லுன்னு சொல்லுவியேன்னுதான் சொன்னேன்."

நான் அழுதேன்.

"உம்மேல கோபமில்ல. என் காலு, என் வாயி. நான் போகமாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா நீயே பேச்சை எடுத்தே, அதனால சொல்றேன். நடந்தது நடந்ததுதானே."

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு நொங்கோமாவுக்குப் போய்விட்டார்.

ஈஸ்டர் விடுமுறையில் போய்ப் பார்த்தேன். ஏழு மணி நேரம் டாக்சி வேனில். மனைவி மாபுத்தெலேசி கோழி அடித்துச் சமைத்திருந்தாள். ஆடுகளையும் நிலத்தையும் இருபது வருடம் தனியாகப் பார்த்து வந்தவள் அவள். எது எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்காமல் அவரால் ஒரு வாளியைக்கூட எடுக்க முடியவில்லை. விருந்தாளி மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"ரேடியோவுல பேசுன பொண்ணு நீதானா?" என்றாள் எனக்குத் தட்டு வைத்தபடியே. "இந்த மனுஷன் என் குரலைக் கேட்டதைவிட உன் குரலைத்தான் அதிகம் கேட்டிருக்காரு. சொல்லேன், எதைப் பேசினா இவருக்குப் பிடிக்கும்? எனக்குத் தெரியல."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலி இல்லை.

அவர் களியை உருட்டிக்கொண்டே இருந்தார். "குரங்குகளைப் பத்திப் பேசுங்க அம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "இங்க குரங்கே கிடையாதே" என்றாள்.