மேகம் அக்கா வீடு பார்க்கிறார்

இன்றைக்கும் இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போய்விட்டது. மேகம் அக்கா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, எதிர்மாடிக் கொடியில் காயும் யாருடைய சட்டையையோ பார்த்துக்கொண்டிருந்தார். நடத்துநர்தான் அருகில் வந்து குனிந்தார்.

"அக்கா, உங்க ஆபீஸ் தாண்டி நாலு தெரு வந்தாச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னேனே! தலையாட்டுனீங்களே!"

அதற்கும் ஒரு தலையாட்டல். இறங்கிப் பொடிநடையாகத் திரும்பினார். மூக்குக்கண்ணாடி தலைமேல் இருக்க, கைப்பைக்குள் அதைத் தேடிக்கொண்டே நடந்தார்.

மேகம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பேச்சின் நடுவே எங்கேயாவது மிதந்து போய்விடுவார், திரும்பும்போது கண்ணில் மழையோடு வருவார் என்பது அவர்கள் கட்சி. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகும் வயது. ஒல்லியான உடம்பு, பெரிய காலணி. யாராவது வேகமாகப் பேசினால் ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டுவார். மெல்லும் நேரத்தில் கோபம் பாதி கரைந்துவிடும்.

குழந்தைகள் நலத்துறையில் அவருக்கு ஒரே வேலை. பெற்றவர்கள் இல்லாமல், அல்லது இருந்தும் இல்லாமல், அரசு பார்த்துவைத்த தற்காலிக வீடுகளில் மாறி மாறி வளரும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நிரந்தரமாக ஒரு குடும்பம் தேடித் தர வேண்டும். கைக்குழந்தை வேண்டும் என்று வருகிறவர்கள் மாடிப்படி வரை நிற்பார்கள். மீசை அரும்பிய பையன் ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால் அத்தனை பேருக்கும் அவசர வேலை நினைவுக்கு வந்துவிடும். பதினெட்டு முடிந்தால் அரசின் பொறுப்பு முடிந்தது. அதன்பிறகு பிள்ளையும் பையும் தெருவும்தான்.

மேலதிகாரிக்கு அக்காவின் போக்கு பிடிபடுவதே இல்லை. "விளம்பரம் குடுங்க, முகாம் போடுங்க, நாலு பேரப் பாருங்க" என்பார்.

"புதுசா எதுக்கு சார் ஆள் தேடணும்? ஏற்கெனவே யாரோ ஒருத்தர் இருப்பாங்க. நாமதான் கண்ண மூடிக்கிட்டு இருக்கோம்."

"நாம இல்லம்மா. நீங்கதான் எப்பப் பார்த்தாலும் மூடிக்கிட்டு இருக்கீங்க."

அக்கா சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிள்ளைகளிடம் அவர் கேட்கும் கேள்விகளும் விசித்திரமானவை. உனக்கு எப்படிப்பட்ட அப்பா வேண்டும், அம்மா வேண்டும் என்றெல்லாம் கேட்பதில்லை. "ஜுரம் வந்தப்போ யாரு கை நெத்தியில இருந்துச்சு?" என்பார். "எந்த எடத்துல நல்லா தூக்கம் வந்துச்சு?" என்பார். பதில் வரும்வரை தானும் அரைத்தூக்கத்தில் இருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். வராவிட்டாலும் வருத்தமில்லை. அடுத்த வாரம் அதே கேள்வியோடு, அதே பிஸ்கட்டோடு வருவார்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணிடம் அப்படித்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்தார். பதினேழு வயது, கதவு நிலையில் குனிந்து நுழையும் உயரம். அந்த உயரத்துக்காகவே உலகத்திடம் மன்னிப்புக் கேட்பது போல் ஒரு கூன். "எனக்கு யாரும் வேணாம். பதினெட்டு ஆனா நானே போயிடுவேன்" என்பதைத் தவிர அந்தப் பெண் வேறெதுவும் சொன்னதில்லை.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூட மாடிப்படியில் இருவரும் மழை விடுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். சாரல் படிவரை வந்து வந்து போனது. நெட்டை மழையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"சலவைக் கடையில."

"என்னம்மா?"

"தூக்கம். கேட்டீங்கல்ல."

முன்பு இருந்த தற்காலிக வீடு ஒரு சலவைக் கடைக்குப் பக்கத்தில். அந்த வீட்டு அம்மாள் வேலையிலிருந்து வரும்வரை கதவு பூட்டியிருக்கும். பள்ளி விட்டு வந்தால் கடையில் போய் உட்கார்ந்துகொள்வாள். சலவை மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் யார் யாருடைய துணிகளோ ஒன்றையொன்று தழுவியபடி சுற்றும். மெஷினில் முதுகைச் சாய்த்தால் அதன் அதிர்வு எலும்புவரை இறங்கும். சோப்பு வாசனை, வெதுவெதுப்பு, ஆவி. கண் தானாகச் சொக்கும். கடைக்காரர் உலர்த்தும் மெஷினிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சூடு ஆறுவதற்குள் தோளில் போர்த்திவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒருநாள் திடீரென்று நகரத்தின் மறுகோடியில் வேறு வீடு என்றார்கள். சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இல்லை.

"நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றார் அக்கா.

"வேணாம்!" நெட்டை எழுந்தே விட்டாள். "நீங்க போய்க் கேப்பீங்க. அவங்க வேணாம்பாங்க. அப்புறம் அந்த எடமும் எனக்கு இல்லாமப் போயிடும்."

அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். கேட்டால் கிடைக்கலாம், கேட்காமல் விட்டால் அந்த வெதுவெதுப்பாவது நினைவில் பத்திரமாக இருக்கும். அந்தக் கணக்கை ஒரு சின்னப் பெண் எத்தனை காலமாகத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபடி அன்றும் நிறுத்தத்தைத் தவறவிட்டார். ஆனால் சலவைக் கடைக்குப் போகவில்லை. பிள்ளை சம்மதிக்காமல் போவதில்லை என்பதில் மட்டும் மேகம் கல்லாக நிற்பார்.

சில வாரங்கள் போயின. பேருந்துக்குக் காத்திருக்கும்போது நெட்டையே எங்கோ பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"அழுக்குத்துணி வெச்சிருக்கிறவங்க எந்தக் கடைக்கு வேணும்னாலும் போலாம்ல?"

"தாராளமா."

"என் பேச்ச எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

மறுநாளே அக்கா ஒரு மூட்டையோடு கிளம்பினார். அதற்கடுத்த வாரமும். அழுக்குத்துணி தீர்ந்ததும் திரைச்சீலைகளைக் கழற்றினார். அவையும் தீர்ந்ததும் எதிர்வீட்டு மெத்தை உறைகளை இரவல் வாங்கினார். கடைக்காரரின் மனைவி குள்ளமானவர், கூரிய கண். ஒருநாள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இந்தத் திரைச்சீலை போன வாரம்தானே வந்துச்சு? உங்க வீட்டு ஜன்னல் என்ன புழுதிக் காட்டையா பார்த்திருக்கு?"

"கொஞ்சம் தூசிதான்" என்றார் அக்கா.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வயசு வந்த பிள்ளைங்களுக்கு வீடு பார்த்துக் குடுக்கறது."

"ஓ, தரகரா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

அன்று மழை. கடையில் வேறு யாரும் இல்லை. மெஷின்கள் ஒரே சுருதியில் முனக, கண்ணாடி வட்டங்களில் வெள்ளை வெள்ளையாக எதுவோ எழுந்து விழுந்தது. அக்கா தூங்கிப்போனார். கனவில் ஒரு நீண்ட தெரு வந்தது. எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது, எந்த வீட்டிலும் ஆள் இல்லை. நடக்க நடக்கக் குளிர்ந்தது. திடீரென்று எங்கிருந்தோ வெயில் தோளில் விழுந்தது.

விழித்தபோது தோளில் சுடச்சுட ஒரு துண்டு.

"எல்லாருக்கும் போடுவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

கடைக்காரர் கூச்சத்தோடு நகர்ந்தார். "தூங்கறவங்களுக்கு மட்டும். முன்னாடி ஒரு பொண்ணு வரும். அப்படியே பழகிடுச்சு."

"அது போனதுலேர்ந்து சாயங்காலமானா வாசலையே பார்ப்பாரு" என்றார் மனைவி.

"நீ மட்டும் பாக்கலையாக்கும்?"

"நான் பக்கத்து வீட்டுல போய்க் கேட்டேன்ல! மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. எங்கன்னு சொல்லல. அதுக்கு மேல கேக்க நாம யாரு?"

அக்காவுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அந்த நிமிஷமே எல்லாம் மாறிவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஈரம் காயாத திரைச்சீலைகளை அள்ளி மூட்டை கட்டி வெளியே வந்தார். அன்று நிறுத்தம் தவறவில்லை.

நெட்டையிடம் நடந்ததை அப்படியே சொன்னார். அவள் நகத்தைக் கடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"துண்டு ஓரம் நீலமா?"

"நீலந்தான்."

"அப்படின்னா..." குரல் உள்ளே போய்விட்டது. "என் பேச்ச எடுக்கலாம்."

அக்கா அவள் பேச்சை எடுத்தபோது கடைக்காரரின் மனைவி துணிக்கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடை நசுங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை. "அவள எங்களுக்கே குடுங்கன்னு கேக்கலாம்னே எங்களுக்குத் தெரியாதே மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைக்காரருக்குத்தான் பயம். "கடைக்கு மேலதான் வீடு. ராத்திரி வரைக்கும் மெஷின் சத்தம். படிக்கிற பொண்ணு..."

"அந்தச் சத்தம் இல்லாமத்தான் இத்தன நாளா அவளுக்குத் தூக்கம் வரல" என்றார் அக்கா.

விசாரணை, வீட்டைப் பார்வையிடுதல், வாரக்கடைசிச் சந்திப்பு, நீதிமன்றம் என்று அரசு நடைமுறை தன் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பதினெட்டு முடிவதற்குச் சற்று முன்னால் நெட்டை தன் பையோடு மாடியேறினாள்.

கதை சுபம் என்று மேலதிகாரி சொன்னார். மேகம் அக்காவின் முகம் தெளியவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடைக்காரரின் மனைவி, அக்கா உள்ளுக்குள் பயந்ததையே சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

"விருந்தாளி மாதிரி இருக்கா மேடம். சரிங்க ஆன்ட்டி, பரவால்லைங்க ஆன்ட்டி. சாப்பிட்ட தட்டு காயறதுக்குள்ள கழுவி வெச்சிடறா. பைய இன்னும் பிரிக்கல. எங்கள அவளுக்குப் பிடிக்கலையோ?"

"பிடிச்சுப்போனதாலதான் பயப்படறா. நீங்க உங்க பாட்டுக்கு இருங்க. திட்டணும்னா திட்டுங்க."

"எப்படி மேடம் திட்டறது, இவ்ளோ நல்லா நடந்துக்கறவள?"

அதற்கு அக்கா பிஸ்கட்டைத்தான் நீட்டினார்.

அடுத்து அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. துறையின் வழக்கப்படி எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்துவரும் சந்திப்பு. மாடிப்படி மங்கலாக, ஆவி படிந்து, கனவில் ஏறுகிற படி மாதிரி இருந்தது. கதவருகே நின்று அழைப்புமணியில் விரலை வைத்தார். உள்ளேயிருந்து குரல் வெடித்தது.

"ஈரத் தலையோட தலையணையில படுக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

"நீ சும்மா கத்தாத! எந்திரிக்கறேன்ல!"

"பாருங்க, வாயப் பாருங்க இவளுக்கு!"

"உன்கிட்டேர்ந்துதான் வந்துச்சு!"

நாற்காலி ஒன்று தரதரவென்று இழுபட்டது. கடைக்காரர் எதையோ சொல்லப்போக, இரண்டு பெண்குரலும் ஒன்றாக அவர்மேல் பாய்ந்தன.

மேகம் அக்கா மணியை அழுத்தவில்லை. சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல விரலை மெல்ல எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு பெரிய காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஓசைப்படாமல் படியிறங்கினார்.