அணைக்கடியில் முளைத்த நவதானியம்

சுகுமாறன் மண்டோர் ஆன செய்தி, கிள்ளானில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி முழுக்க ஒரே மாலையில் பரவிவிட்டது. பரப்பியவர் அவர் மனைவி தாமரை. சொல்லாமல் எப்படி இருப்பாள்? மனிதருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பூச்சோங்கில் வரிசை வீடுகளுக்குக் கான்கிரீட் கொட்டியே காலம் போயிற்று, அதுவும் கூலியாளாகவே. இப்போதுதான் முதல்முறையாக ஆட்களை வைத்து வேலை வாங்கும் பதவி, அதுவும் மலைக்குள் கட்டும் பெரிய அணைக்கட்டில்.

அணை எதற்கென்று அந்த மாடிவாசிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குழாய் வறண்டு, தண்ணீர் லோரிக்குக் காத்திருந்து, வாளியோடு படியேறி இடுப்பொடிந்தவர்கள் அவர்கள். மழைக்காலத்தில் வீணாக ஓடும் ஆற்றை மலைக்குள்ளேயே நிறுத்திவைத்து, வறட்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால், கீழே சுத்திகரிப்பு நிலையம் அதை எடுத்துக் கிள்ளானுக்கு அனுப்பும். சங்கதி அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காக ஆற்றையே ஒரு சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டு, வறண்ட படுகையை அடிப்பாறை தெரியும்வரை தோண்டியிருந்தார்கள்.

பாறையின்மேல் முதல் கான்கிரீட் விழுமுன் அதைக் குளிப்பாட்ட வேண்டும். குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி, மண், தூசு, இலை ஒன்றுமில்லாமல் கழுவி, வெடிப்புகளைத் துடைத்து, கான்கிரீட் கொட்டும்வரை ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். அப்போதுதான் கான்கிரீட் பாறையை இறுகப் பிடிக்கும். இடையில் அழுக்கு இருந்தால் தண்ணீர் அந்த வழியாகக் கசியும். சுகுமாறனின் ஆட்கள் தங்கள் பகுதியை அப்படித்தான் கழுவினார்கள். பொறியாளர் கமலநாதன், பிரிக்பீல்ட்ஸ்காரர், குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, “சுத்தம் அண்ணே. நாளைக்கு ஊத்திரலாம்” என்றார்.

அவர் தலை மறைந்ததும் சுகுமாறன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தாமரை கட்டிக்கொடுத்த நவதானியம். பூச்சோங்கில் அவர் கை நவதானியம் விழாமல் எந்த வீட்டு அஸ்திவாரமும் எழும்பியதில்லை. சீனர் வீட்டுக்கும் போட்டிருக்கிறார், யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. மூன்று அறை வீட்டுக்கே போடுகிறவர், இத்தனை பெரிய அணைக்குப் போடாமல் இருப்பாரா? சாக்கைத் தூக்கி, சாமியைக் கும்பிட்டு, தாராளமாகவே தூவினார். தான் கழுவச் சொன்ன பாறையில் தானே குப்பை போடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. சாமி காரியம் எப்படிக் குப்பையாகும்?

மறுநாள் கலவை இயந்திரம் படுத்துவிட்டது. மாற்றுப் பாகம் வர நாளாயிற்று. அதுவரை பாறை காயக்கூடாது என்று சுகுமாறன் விடாமல் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஒருவழியாக இயந்திரம் சரியாகி, லோரிகள் வரிசையில் வந்து நிற்க, சாக்கை உருவினார்கள். கல்யாண வீட்டுப் பாலிகை மாதிரி அடிப்பாறை பச்சைப்பசேலென்று முளைவிட்டிருந்தது.

கமலநாதனின் முகம் சிவந்தது. பாறையைத் துடைத்த வங்காளதேசத் தொழிலாளர்கள் ஐந்து பேரும் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்களைக் காட்டி, “இங்க உக்காந்து கச்சாங், கடலைன்னு தின்னு கொட்டியிருக்கானுங்க. இன்னிக்கே எல்லாரையும் மாத்துறேன்” என்றார்.

சுகுமாறன் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் மண்டோர் வேலை போகும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஐந்து பேரும் என்ன குற்றமென்றே புரியாமல் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

“அவங்க இல்ல சார். நான்தான். நவதானியம் போட்டேன்.”

“நீங்களா அண்ணே? இதெல்லாம் உள்ளுக்குள்ள மக்கிப்போனா பொந்துதான். தண்ணி பொந்தத் தேடித்தான் வரும்லா.”

“வீட்டுக்குப் போட்டுப் போட்டுப் பழக்கம் சார்.”

கமலநாதன் ஒரு முளையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். அவர் வீட்டு அஸ்திவாரத்திலும் நவதானியம் கிடக்கிறதுதான். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் ஓர் ஏரி சாய்ந்து நிற்கவில்லையே. லோரிகளைத் திருப்பி அனுப்பினார்.

சுகுமாறன் மண்டியிட்டு, வெடிப்புகளுக்குள் விரலை விட்டு, வேரோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கூப்பிடாமலே அந்த ஐந்து பேரும் வந்து பக்கத்தில் குந்தினார்கள். தேநீர் வேளைக்குள் மேலிடத்து முடிவும் வந்துவிட்டது. சுகுமாறன் வேலையில் இருக்கலாம், ஆனால் மண்டோராக அல்ல.

தாமரைக்குப் போன் போட்டார்.

“மண்டோர் வேல போயிருச்சு.”

“ஏங்க, என்ன ஆச்சு?”

“நீ குடுத்தத பாறையில போட்டேன்ல. மொளைச்சிருச்சு. பாத்துட்டாங்க.”

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று சுகுமாறன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

“ஒம்பதுமா மொளைச்சிச்சு?”

பிடுங்கிய கைக்குத் தெரியாதா? எள் வரைக்கும் முளைத்திருந்தது.

“ஒம்பதும்” என்றார்.

“அப்ப அணை நிக்கும்ங்க” என்றாள் தாமரை. “யாரு மண்டோரா இருந்தா என்ன.”